இரண்டாவது பட்டன்

"ஏப்பா எட்வின், ஒத்தைப் பட்டன்ல மெஷின் ஓடணும். இன்னொரு கையால தகடு வைக்கலாம், வேலை வேகமா முடியும். இன்னிக்கே புரோகிராமை மாத்து!"

முதலாளி தங்கமுத்து கத்தினார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்கினால்தான் தகட்டை அழுத்தும் பிரஸ் இறங்கும்படி, மெஷினை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலரில் புரோகிராம் எழுதியவன் எட்வின். முன்பு ஒத்தைப் பட்டன்தான் இருந்தது. அப்போதுதான் கூட வேலை பார்த்த தெய்வானைக்கு இரண்டு விரல் போனது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவில் தாளம் போடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வேலைக்குத் திரும்பவேயில்லை. மணி ஒன்றானால் எட்வினின் காது இன்னமும் அந்தத் தாளத்தைத்தான் தேடும்.

"சரிங்க முதலாளி."

சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினான். "முதல் தகடு உங்க கையால வைங்க முதலாளி."

முதலாளி மீசையை நீவிக்கொண்டு வந்தார். வலது கையால் தகட்டைப் பிடித்தார், இடது கையைப் பட்டன்மேல் வைத்தார். கைக்குமேல் தொங்கும் இரும்பைப் பார்த்ததும் வியர்த்துவிட்டது. வலது கையை வெடுக்கென்று இழுத்து, அடுத்த பட்டனில் வைத்து, இரண்டையும் சேர்த்து அமுக்கினார். பிரஸ் இறங்கியது.

"உங்க கையே ரெண்டாவது பட்டனைத் தேடுதுங்களே!" என்றான் எட்வின்.

பட்டறையே சிரித்தது.

"சரி சரி, பழையபடி ரெண்டு பட்டனுக்கே மாத்தித் தொலை."

பழையபடி மாற்ற எட்வினுக்கும் ஆசைதான், தெய்வானை தாளம் போட்ட நாளுக்கு. அது முடியாது. புரோகிராமையோ அவன் தொடவே இல்லை. காலையில் மாற்றச் சொன்னபோதும் தொடவில்லை.