கலங்கிப்போன ஐந்து பாட்டில்கள்

மரகதம் அம்மாளின் குடிலுக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது மாதப்பனுக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்திரண்டு. அவர் இவரை "ஐயா" என்பார், இவர் அவரை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்சம் முழிப்பார்கள். இருவருக்கும் அதில் குறையொன்றும் இல்லை.

மாதப்பன் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒருவர் விடாமல் கேட்டு, பதில் வாங்கிய பிறகே அடுத்த சீட்டுக்கு நகர்ந்து பழகியவர். அந்தப் பழக்கம் வேலையோடு போய்விடுமா? வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"அம்மா, எம் பொண்ணு எங்கிட்டப் பேசி ஒன்றரை வருஷம் ஆகுதுங்க. அவ கோபம் எப்பத் தீரும்?"

"என்ன கோபம்?"

"அவங்கம்மா நோவுல கெடந்தப்ப நான் அவளுக்குச் சொல்லலீங்க. பூங்கோதைக்கு அப்ப ஏழு மாசம், ஓசூர்ல இருந்தா. வயித்துப் பிள்ளையோட அலைய வேணாம்னு மறைச்சிட்டேன். ராஜம்மா பொழைச்சுக்குவான்னு நெனச்சேன்." அவர் தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "பொழைக்கல. பொண்ணு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் பாத்தா. பேரன் பொறந்தான். அவன் மூஞ்சியை நான் போட்டோவுலகூடப் பாத்ததில்லீங்க."

மரகதம் அம்மாள் வெளியே மரங்களைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"முசுக்கொட்டை பழுத்துக் கொட்டுதுங்கய்யா. இன்னிக்கே காய்ச்சலேன்னா புளிச்சுடும். கை கழுவிட்டு வாங்க."

குடிலைச் சுற்றிப் பதினோரு முசுக்கொட்டை மரங்கள். யாரோ பட்டுப்புழு வளர்த்துக் கைவிட்டுப் போன மல்பெரித் தோட்டம் அது. தழைக்காக அரிந்துகொண்டே இருந்த செடிகள், அரிய ஆளில்லாமல் மரமாகிப் பழுக்கத் தொடங்கிவிட்டன. கருநிறப் பழம். தொட்டால் விரல் கறுத்துவிடும், லேசில் போகாது. பங்குனியில் மூன்று வாரம் கிடைக்கிற அந்தப் பழத்தின் சாறுதான் பாட்டிலில் அடைபட்டு, குடிலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வருடம் பூராவும் போய்ச் சேரும்.

அம்மாள் பழத்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்தார். மத்தால் மசித்து, வெள்ளைத் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டிக் கிளையில் தொங்கவிட்டார். அடியில் ஒரு பாத்திரம் வைத்தார்.

"பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைக் கொதிநீரில் போடப் போனார்.

மாதப்பன் பார்த்துக்கொண்டார். சொட்டு. அப்புறம் ஒரு சொட்டு. அரை மணி நேரம் ஆகியும் பாத்திரத்தின் அடிதான் நனைந்திருந்தது. மூட்டையோ கனமாகத் தொங்கியது. உள்ளே இவ்வளவு இருக்கும்போது இப்படிக் கஞ்சத்தனமாக விடுகிறதே என்று அவருக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பிழிந்தார். குபுகுபுவென்று கொட்டியது. மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

அம்மாள் வந்து பாத்திரத்துக்குள் பார்த்தார். சாறு சேறாக இருந்தது.

"பிழிஞ்சீங்களா?"

"சீக்கிரம் ஆகட்டுமேன்னு..."

"சரி."

திட்டவில்லை. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மறுபடி சூடாக்கி, கழுத்தில் ஒரு விரல் இடம் விட்டு ஐந்து பாட்டில்களில் ஊற்றினார். மூடியை இறுக்கி, அடியில் துணி விரித்த அண்டாவில் நிறுத்திக் கொதிக்க வைத்தார். ஆறிய பிறகு ஐந்தையும் மாதப்பனின் அறை அலமாரியில் வரிசையாக வைத்தார்.

"கலங்கிக் கெடக்குதே, கொட்டிடலாங்களா?"

"எதுக்கு? தெளியும்."

அது தெளிகிறதா என்று பார்ப்பது மாதப்பனின் தினசரி வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இன்னொரு வேலை, வாரம் ஒரு கடிதம். மகள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். டாக்டர் என்ன சொன்னார், தான் ஏன் மறைத்தார் என்று நாள் கிழமையோடு எழுதுவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'கோபம் தீர்ந்ததா கண்ணு?' பதில் வராது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதுவார்.

ஒரு மாதம் போனது. ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்தார்.

"அம்மா, நீங்க வடிச்சதெல்லாம் பளிச்சுன்னு இருக்குது. இந்த அஞ்சு மட்டும் அப்படியே கெடக்குது. நானும் தெனம் பாக்கறேன்."

"எப்படிப் பாக்கறீங்க?"

மாதப்பன் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கினார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். அடிப்பக்கம் சரியாகத் தெரியவில்லை என்று தலைகீழாகவும் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இருந்த வண்டல் புகைபோல் எழுந்து பாட்டில் முழுக்கப் பரவியது.

"நேத்தும் இப்படித்தானா?"

"பல்லு வெளக்குனதும் இதாங்க மொத வேலை."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதப்பனும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பத் தெளிஞ்சுதான்னு எப்படித்தாம்மா தெரிஞ்சுக்கறது?"

"தெளியறது அதோட வேலைங்கய்யா. உங்க வேலை என்ன?"

மாதப்பன் பாட்டிலை மெல்ல நிமிர்த்தினார். தூங்குகிற பிள்ளையைக் கொண்டுபோவதுபோல் பாட்டிலை இரண்டு கையிலும் ஏந்தி அறைக்குப் போனார். அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினால், மேஜைமேல் அந்த வாரக் கடிதம் பாதியில் கிடந்தது. அதை நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேறு தாள் எடுத்தார்.

'கண்ணு, இங்கே முசுக்கொட்டை ஜூஸ் போட்டோம். நான் துணியைப் பிழிந்து கெடுத்துவிட்டேன். கை ஒரு வாரம் கறுப்பாகவே இருந்தது. உன் அம்மா பார்த்திருந்தால் என்னைச் சோற்றுத் தட்டைத் தொடவிட்டிருக்க மாட்டாள். அப்பா.'

கடைசி வரியைச் சேர்க்கக் கை துறுதுறுத்தது. பேனாவை மூடினார்.

அடுத்த வாரம் குடில் நாய் நான்கு குட்டி போட்டதை எழுதினார். அதற்கடுத்த வாரம் மழையை எழுதினார். கேட்காமல் இருப்பது அவருக்கு டிக்கெட் கொடுக்காமல் ஆளை இறக்கிவிட்டதுபோல் உறுத்தியது. பாட்டில் பக்கம் போகாமல் இருப்பதும் அப்படித்தான்.

ஆவணியில் ஒரு கார்டு வந்தது. 'ஞாயித்துக்கிழமை பையனைக் கூட்டிக்கிட்டு வரேன்.'

சனிக்கிழமை முழுக்க மாதப்பன் சொல்லவேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். ஞாயிறன்று பூங்கோதை வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். மடியில் பையன். அவனுக்கு ராஜம்மாவின் நெற்றி. மாதப்பனுக்குச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"அவங்களுக்கு ஜூஸ் குடுங்கய்யா" என்றார் அம்மாள். "உங்க அலமாரியிலேருந்து."

நான்கு மாதம் தொடாத பாட்டில். அலுங்காமல் எடுத்து வந்தார். மூடி டப்பென்று திறந்தது. மெல்லச் சாய்த்து மூன்று டம்ளரில் ஊற்றினார். கறுஞ்சிவப்பாக, துளிக் கசடு இல்லாமல் விழுந்தது. பையன் குடித்துவிட்டுக் கறுத்த நாக்கை நீட்டிக் காட்டினான்.

பூங்கோதை ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை பத்தல" என்றாள். "அம்மாவா இருந்தா இன்னும் ரெண்டு கரண்டி போட்டிருக்கும்."

'அன்னைக்கு நான் ஏன் சொல்லலேன்னா...' என்று நாக்கு நுனி வரை வந்தது. மாதப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆமா கண்ணு. போட்டிருப்பா."

அவள் கண் நிறைந்தது. அவர் கண்ணும்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பையனைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

மாதப்பன் ஒரு கையால் பேரனை அணைத்துக்கொண்டு பாட்டிலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, வண்டல் போகலீங்களே. அடியில அப்படியே கெடக்குதே."

"கெடக்கும்யா" என்றார் மரகதம் அம்மாள். "அதனாலதான் மெல்லச் சாய்க்கறோம்."