நகரக் கூடாது

முன்னொரு காலத்தில், விடியற்காலை மேகமெல்லாம் கோட்டை மதில்மேல் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு நாட்டில், கனவுப் பிரியனான அரசன் ஒருவன் இருந்தான். பனியில் மிதக்கும் தன் நகரத்தை உப்பரிகையில் நின்று பார்ப்பதிலேயே அவனுடைய பாதி ராஜாங்கம் நடந்து முடிந்துவிடும். ஆனால் அந்தப் பனிக்குள்ளிருந்து தினமும் மூட்டை முடிச்சோடு கிராமத்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சத்திரம் நிறைந்தது, வீதி நிறைந்தது, கடைசியில் அரசனுடைய கனவுக்குள்ளும் வந்து பாய் விரித்தார்கள்.

அரசன் மந்திரி கருணாகரரிடம் முறையிட்டான். அவருக்குப் பெயரில் மட்டும்தான் கருணை. விகடகவி தும்பையன்மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பிரபு, தும்பையனும் கிராமத்திலிருந்து வந்தவன்தானே? தாங்கள் ஆணையிடுங்கள், அவனே போய்ச் சொல்லட்டும்" என்றார்.

அரசன் பாதித் தூக்கத்தில் கொட்டாவி விட்டான். "கிராமத்தார் இனி நகரக் கூடாது. இதுவே நம் ஆணை."

மந்திரி தும்பையன் பக்கம் திரும்பினார். "ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. நாளைக் காலை ஒரே ஒரு கிராமத்தான் கோட்டை வாசலில் தென்பட்டாலும் நீ இந்த நாட்டிலேயே இருக்க முடியாது."

"உத்தரவு" என்று தும்பையன் பறையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

முதல் ஊரிலேயே வெள்ளச்சி என்பவள் வழிமறித்தாள். இடுப்பில் பிள்ளை, தலையில் மூட்டை.

"நகராம என்ன பண்றது சாமி? இங்க பொழுதுக்கும் நாத்து நட்டா அரைப்படி நெல்லு. அங்க கோட்டையில கல்லு சொமந்தா நாலு படி அளக்குறாங்களாம். இது பசியில அழுவுறத என்னால பாக்க முடியல."

தும்பையன் பறையை இறக்கி வைத்தான். "ஒரே ஒரு நாள் பொறுத்துக்க தாயி. அரசர் நகரக் கூடாதுன்னார். விடிஞ்சதும் வயல்ல போய் நகராம நில்லு, அவ்வளவுதான்."

மறுநாள் விடிந்தது. மாட்டு மணிச் சத்தம் இல்லை, தயிர்க்காரி குரல் இல்லை. நகரம் பனியில் அசையாமல் கிடந்தது. 'ஆகா, என் கனவு!' என்று அரசன் சொக்கிப்போனான். சற்று நேரத்தில் பசித்தது. பால் இல்லை, கீரை இல்லை, அடுப்பெரிக்க விறகும் இல்லை என்று சமையற்காரன் கையைப் பிசைந்தான்.

அரசன் குதிரை ஏறினான். மந்திரியும் தும்பையனும் பின்னால் போனார்கள்.

வயல்வெளியில் பனி விலக விலக, அரசன் கண்ணைக் கசக்கினான். குனிந்தவர்கள் குனிந்தபடி, ஏற்றம் இறைத்தவர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் முண்டாசில் கொக்கு உட்கார்ந்திருந்தது. வெள்ளச்சியின் கையிலிருந்த நாற்றில் தும்பி ஒன்று தூங்கியது.

"நான் இன்னும் விழிக்கவில்லையா?" என்றான் அரசன்.

"விழித்துத்தான் இருக்கிறீர்கள் மகாராஜா. தங்கள் ஆணைப்படி யாரும் நகரவில்லை" என்றான் தும்பையன்.

"மோசடி! நகருக்கு வரக் கூடாது என்பதல்லவா பொருள்?" என்று மந்திரி கத்தினார்.

"ஒரு சொல்லும் கூட்டக் கூடாது என்றீர்களே ஐயா!"

அரசன் வெள்ளச்சியிடம் குனிந்தான். "அம்மா, போதும், நகரலாம்."

"நகந்தா கோட்டைக்குத்தான் போவேன் ராசா. இந்த வயலுக்காரரு அரைப்படிக்கு மேல அளக்க மாட்டேங்குறாரு."

"யாருடைய வயல் இது?"

வெள்ளச்சி கையை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் மந்திரி பக்கம் திருப்பினாள்.

வரப்பில் மூட்டைமேல் சாய்ந்து கிடந்த அவள் பிள்ளையை அரசன் பார்த்தான். அப்படி ஒட்டிய வயிற்றை எந்தக் கனவிலும் அவன் கண்டதில்லை. பிறகு சொன்னான்: "கோட்டைக்குள் எந்தப் படியோ, அதே நாலு படிதான் இனி எல்லா ஊரிலும். இன்றே அளக்கத் தொடங்குங்கள்."

வெள்ளச்சி மூட்டையை அவிழ்க்கக் கிளம்பினாள். சந்தடியில்லாமல் குதிரையைத் திருப்பிய மந்திரியைப் பார்த்து அரசனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"கருணாகரரே, இறங்கும். இந்த நடவு முடியும்வரை நீர் மட்டும் நகரக் கூடாது. கூலி அரைப்படி!"

சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றித் தும்பையன் கழுத்தில் போட்டான். சேற்றில் இறங்கி நின்ற மந்திரியின் தலைப்பாகையில் அந்தத் தும்பி போய் உட்கார்ந்துகொண்டது.