சமக்குறி இல்லாத வரி

"எனக்குச் சொற்கள் மட்டும் தெரிஞ்சா போதும். கணக்கு வேண்டாம்" என்றார் தாண்டவராயர்.

ஆசிரியை மணலை நிரவிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பலகைத் துண்டு.

"எந்தச் சொற்கள் ஐயா?"

"கோவை. சமன்பாடு. இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியணும்."

"அதுக்கு முன்னாடி இன்னும் சில சொற்கள் இருக்கு."

"அதையும் சேர்த்துக்கோங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிடும் இல்லையா?"

மணலில் இன்னும் ஒரு சிறு மேடு மீதமிருந்தது. ஆசிரியை அதையும் நிரவினார்.

அந்த ஆற்றங்கரை மடத்தில் பொற்கொடி அம்மையார், வயது வந்தவர்களுக்கு இயற்கணிதம் கற்பித்து வந்தார். அங்கே கரும்பலகை கிடையாது. சலித்த ஆற்று மணலைப் புங்கமரத்தடியில் பரப்பி விரலால் எழுதுவார், உள்ளங்கையால் அழிப்பார். அவருக்கு ஐம்பது வயது. கற்க வந்திருந்தவருக்கு எழுபது.

தாண்டவராயர் சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் வழக்குத் தீர்த்து வைப்பவர். வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ, அவர்முன் வந்தது எதுவும் மறுநாளைக்குத் தள்ளிப்போனதில்லை. வந்தவர்கள் பேசி முடிப்பதற்குள் அவருக்குத் தீர்ப்புத் தெரிந்துவிடும்.

வழக்கை எடுத்துரைப்பது போலவே தம் கதையையும் வரிசைப்படுத்திச் சொன்னார்.

ஒரே மகள், செங்கமலம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளும் ஒரு காலத்தில் இந்த மணலில் எழுதிப் படித்தவள்தான். ஆடியில் அவள் கணவர் இறந்துபோனார். ஆவணியில் ஒரு நாள், அவளைப் பார்க்கப் போயிருந்த தகப்பனாருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தூணில் சாய்ந்தபடி, "வீடு பெருசாயிடுச்சு அப்பா" என்றாள்.

அந்த வாரமே அவர் வீட்டை வாங்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். பள்ளிக்கு அருகிலேயே இரண்டு அறைகளுடன் அவளுக்கு வேறொரு வீடும் பார்த்தாயிற்று. வாங்க வந்தவன் அளவு நாடாவைக் கூடத்தில் விரித்தபோதுதான் செங்கமலம் பள்ளியிலிருந்து திரும்பினாள். அவனை மரியாதையாக வெளியே அனுப்பினாள். பிறகு தகப்பனாரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் சொல்வதில்லை. போனால் இலை போடுகிறாள். பரிமாறுகிறாள். கேட்டதற்கு மட்டும் விடை தருகிறாள்.

"என்ன வாக்கியம் ஐயா?"

"'உங்களுக்குக் கோவைக்கும் சமன்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது அப்பா.'"

ஆசிரியை தலையசைத்தார்.

"தை பிறந்ததும் உங்களைப் பார்க்க வருவா. வருஷா வருஷம் வர்றவதானே. அதுக்குள்ள நான் அதைத் தெரிஞ்சுக்கணும். அவ எதிரே உட்கார்ந்து பதில் சொல்லணும். இல்லேன்னா, எனக்கிருக்கிற ஒரே பிள்ளை கடைசி வரைக்கும் எனக்குச் சோறு மட்டும்தான் போடும்."

அப்போது கார்த்திகை மாதம்.

"உட்காருங்க" என்றார் ஆசிரியை.

மணலின் மறுபக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜெபமணி, ஓய்வுபெற்ற தபால்காரர். பொழுது போகவில்லை என்று படிக்க வந்தவர். தாண்டவராயர் மிதியடியைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உட்காரும்வரை எழுந்து நின்று மரியாதை செய்தார். பிறகு, இனிமேல் எழுந்திருக்க மாட்டேன், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆசிரியை மணலில் 7 என்று எழுதினார்.

இது நாளைக்கு எவ்வளவு என்று கேட்டார். ஏழுதான் என்றார் தாண்டவராயர். அடுத்த வருஷம்? அப்போதும் ஏழுதான்.

"இதுக்குப் பேர் மாறிலி."

பக்கத்தில் 'ம' என்று எழுதினார்.

"இது எவ்வளவு?"

"நீங்க சொன்னாத்தானே தெரியும்."

"இதுக்குப் பேர் மாறி."

"சரி. எப்போ சொல்வீங்க?"

"சொல்லும்போது சொல்வேன்."

"சொல்லவே இல்லேன்னா?"

"அப்பவும் அது ம தான் ஐயா."

தாண்டவராயருக்கு அது பிடிக்கவில்லை. ஊரும் பேரும் சொல்லாத ஒருவனைச் சாட்சிக் கூட்டத்தில் உட்கார வைத்தது போல் இருந்தது அவருக்கு.

விலாசம் சரியாக இல்லாத தபால் எத்தனையோ தம் பைக்கு வந்திருக்கிறது என்றார் ஜெபமணி. அதற்காக யாரும் அதை ஆற்றில் வீசிவிடுவதில்லை. பைக்குள் அது பாட்டுக்கு இருக்கும்.

மறுநாள் 4ம என்று எழுதினார் ஆசிரியை. எழுத்துக்கு முன்னால் நின்று அது எத்தனை மடங்கு என்று சொல்லும் எண்ணுக்குக் கெழு என்று பெயர். தாண்டவராயர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நான்குதான் கெழு. 9ம என்றால் ஒன்பது.

ஆசிரியை வெறும் 'ம' எழுதினார்.

"இதுக்குக் கெழு என்ன?"

"இல்லை."

"இல்லையா?"

"முன்னால எதுவுமே எழுதலையே. எழுதாததை எப்படி இருக்குன்னு சொல்ல முடியும்?"

ஆசிரியை உள்ளங்கையால் அந்த 'ம'வையே அழித்தார்.

"இல்லைன்னா இப்படி இருக்கும்."

தாண்டவராயர் வெற்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் ஓசை கேட்டது.

"ஒண்ணு" என்றார் கடைசியில்.

"எழுதலையே."

"எழுதலை. ஆனா இருக்கு."

இன்னொரு நாள், 2ம + 3ந. கூட்டலாலும் கழித்தலாலும் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு துண்டுக்கும் உறுப்பு என்று பெயர். இதில் இரண்டு உறுப்புகள். அவ்வளவு சொல்லிவிட்டு ஆசிரியை மடத்துக்குள் போனார். திரும்பி வந்தபோது அதன் கீழே 5மந என்று எழுதியிருந்தது.

"கல்யாணத்தையே முடிச்சு வச்சுட்டாரும்மா" என்றார் ஜெபமணி. "நான் வேணாம்னு சொன்னேன். ஜாதகமாவது பாருங்கன்னேன்."

தாண்டவராயர் அவரை முறைத்தார். இரு தரப்பையும் ஒன்று சேர்ப்பதில் என்ன தப்பு என்று ஆசிரியையிடம் கேட்டார். தம் வாழ்நாளெல்லாம் அதைத்தானே செய்திருக்கிறார்.

"ரெண்டும் ஒரே எழுத்தா ஐயா?"

"இல்லை."

"அப்போ?"

அவர் இரண்டு எழுத்துகளையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

ஆனால் அப்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனது அவருக்குச் சங்கடமாகவே இருந்தது. வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

மார்கழி பிறந்தது.

ஆசிரியை 3ம + 6 என்று எழுதினார்.

"படிங்க ஐயா."

தாண்டவராயர் படித்தார். ம என்பது மாறி. மூன்று அதன் கெழு. ஆறு மாறிலி. உறுப்புகள் இரண்டு, ஒத்தவை அல்ல, சேர்க்கக் கூடாது. குரலில் தீர்ப்பு வாசிக்கும் கம்பீரம் இருந்தது.

"இந்த முழுவரிக்கும் பேர் கோவை" என்று சொல்லிவிட்டு ஆசிரியை தண்ணீர் எடுக்கப் போனார்.

குடத்துடன் திரும்பியபோது வரி நீண்டிருந்தது.

3ம + 6 = 18

அதன் கீழே, ம = 4.

குடத்தை இறக்கி வைத்தார்.

"பதினெட்டு எங்கேருந்து வந்தது ஐயா?"

"நான்தான் வச்சேன். பதினெட்டு வச்சா மிச்சமில்லாம முடியுது. சரிபார்த்துக்கோங்க. மும்மூணு ஒன்பது, மூணு நாலு பன்னெண்டு. பன்னெண்டும் ஆறும் பதினெட்டு."

"கணக்கு சரிதான்."

"அப்புறம்?"

"யார் கேட்டாங்க?"

"நீங்கதானே எழுதினீங்க."

"எழுதினேன். கேட்கலை."

ஆசிரியையின் உள்ளங்கை சமக்குறியிலிருந்து வலப்பக்கமாக நகர்ந்தது. பதினெட்டு போயிற்று. கீழே இருந்த நான்கும் போயிற்று. 3ம + 6 மட்டும் மிஞ்சியது.

மறுநாள் 5ம + 2. அவர் அதை 27 ஆக்கி, ம ஐந்து என்றார். ஆசிரியை அழித்தார். அதற்கு மறுநாள் ம − 1. அவர் அதைப் பூஜ்யத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அதையும் அழித்தார்.

அன்று தாண்டவராயருக்குக் கோபம் வந்துவிட்டது. விடை காண வேண்டாம் என்றால் பிறகு இதை எதற்காக எழுத வேண்டும் என்று கேட்டார். தம்மிடம் வந்து வாய் திறந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைக் கேட்கத்தான் வந்தார்கள். சும்மா சொல்லிவிட்டுப் போக எவனும் வந்ததில்லை.

"அப்படி வந்தவங்க இருந்திருந்தா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா ஐயா?"

ஆசிரியை குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

தாண்டவராயர் எழுந்தார். மிதியடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சில நாட்கள் வரவில்லை. ஜெபமணி தனியாக உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாததால் தம் தப்புகள் மட்டுமே கண்ணில் படுகின்றன என்று குறைபட்டுக்கொண்டார்.

மார்கழி முடியும் தறுவாயில், ஒரு காலை, தாண்டவராயர் திரும்பி வந்தார். நேராகத் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆசிரியை 3ம + 6 என்று எழுதினார். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. வரியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்ப்பவர் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டவராயரும் பார்த்தார்.

அவர் விரல் ஒரு முறை மணலுக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டார். மறுபடி போயிற்று. கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். எதிரே ஜெபமணி கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

வெயில் ஏறியபோது ஓர் ஆடு வந்தது. மணலின் குறுக்கே நடந்து, 6-ன் மேல் குளம்பைப் பதித்துவிட்டுப் போயிற்று. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

"போயிடுச்சு" என்றார் தாண்டவராயர்.

"ஆமாம்" என்றார் ஆசிரியை.

மூவரும் கூழ் குடிக்கப் போனார்கள்.

தை பிறந்தது. அன்று தாண்டவராயர் சலவை வேட்டியில் வந்திருந்தார். வித்தியாசத்தை ஒப்பிக்கட்டுமா என்று கேட்டார்.

"சொல்லுங்க."

"சமன்பாட்டுல சமக்குறி இருக்கும். கோவையில இருக்காது."

"சரி."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஐயா."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, நீங்க அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

கரையில் ஒரு பெண் இறங்கி வருவது தெரிந்தது. தோளில் பை. செங்கமலம்தான். ஆசிரியையை வணங்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் மணலருகே உட்கார்ந்திருந்த தகப்பனாரைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

ஜெபமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தார். ஆசிரியை பலகைத் துண்டை எடுத்து மணலின் மறுகோடியை நிரவத் தொடங்கினார்.

தாண்டவராயரிடம் வாக்கியம் தயாராக இருந்தது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் காலையில் நடந்து வந்திருந்தார். வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் பேசிவிட்டாள். அவரைப் பார்த்தல்ல, ஆற்றைப் பார்த்து.

"கொல்லையில முருங்கை காய்ச்சுத் தொங்குது அப்பா. அவர் வச்ச மரம். இந்த வருஷம்தான் இப்படிக் காய்க்குது."

தாண்டவராயருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. தொரட்டியோடு மரமேறும் ஆள் யார் என்பது. மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சந்தை வியாபாரி யார் என்பது. கிளை முறிவதற்குள் எந்தக் கிழமை பறித்தாக வேண்டும் என்பது. வாய் இன்னும் திறந்தே இருந்தது.

கீழே பார்த்தார்.

அவர் விரல் மணலில் ஒரு கோடு போட்டிருந்தது. சின்னக் கிடைக்கோடு. அதற்குக் கீழே இன்னொன்று போடுவதற்காக விரல் இறங்கியிருந்தது.

அவர் விரலை எடுத்தார். உள்ளங்கையால் அந்தக் கோட்டை அழித்தார்.

"ம்" என்றார்.

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். அவர் மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். பலகை மணலில் உரசும் ஓசை மட்டும் கேட்டது.

தோள்பையை இறக்கினாள். ஜெபமணி விட்டுப்போன இடத்தில், அவருக்கு எதிரே, உட்கார்ந்தாள்.

"வீடு பெருசாத்தான் இருக்கு அப்பா" என்றாள்.

தாண்டவராயர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.