கண்ணாடிக் கதவுக்கு வெளியே

சங்கரன்கோவிலில் நாச்சியார் டாக்டரிடம் தொழில் பழக வந்திருந்தார் இளம் டாக்டர் இளமாறன். கெட்டிக்காரர், இளகின மனசுக்காரரும்கூட. வம்பு அந்த மனசால்தான் வந்தது.

லாரி ஓட்டும் சங்கிலிக்குத் தொண்டையில் புற்று. அது உறுதியான அன்று, "அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய இருங்க" என்று ஊர் வழக்கப்படி அவரை அனுப்பிவிட்டு, மகனிடம் விஷயத்தைச் சொன்னார் இளமாறன். மகன் பேச்சிமுத்து தேம்பித் தேம்பி அழுதான்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க சார். தாங்க மாட்டாரு."

இளமாறன் வாக்குக் கொடுத்துவிட்டார். சங்கிலியிடம், "வெறும் புண்ணுதான்" என்றார்.

இப்போது ஆபரேஷனுக்குச் சங்கிலி சம்மதிக்க மாட்டேன் என்கிறார். "புண்ணுக்குப் போயி கழுத்த அறுப்பாவளா?" அவர் கேட்பது நியாயம்தானே!

நாள் தள்ளினால் உயிருக்கே ஆபத்து. இளமாறனுக்குத் தலை சுற்றியது. நேரே நாச்சியாரின் அறைக்குப் போனார். பேச்சிமுத்துவும் அங்கேதான் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், சொன்னா உடைஞ்சுபோவார். சொல்லலைன்னா சம்மதிக்க மாட்டார். நான் என்ன செய்யட்டும்?"

நாச்சியார் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஒன்றும் புரியாமல் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார் இளமாறன். பக்கத்தில் சங்கிலி. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நாச்சியார் ஏதோ சொல்ல, பேச்சிமுத்து தலையைத் தலையை ஆட்டினான்.

"ஒங்களப் பத்தித்தான் பேசுதாவ" என்றார் சங்கிலி, கம்மிய குரலில்.

"எப்படிச் சொல்றீங்க?"

"வெளிய அனுப்புனவனப் பத்தித்தான் உள்ள பேசுவாவ. நடுவுல இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பாவ. பொறவு சட்டுனு மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ. இத்தன நாளா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாச்சியார் வந்து கதவைத் திறந்ததும் இளமாறன் துள்ளி எழுந்தார். "என்னைப் பத்தி என்ன பேசினீங்க மேடம்?"

"ஒண்ணுமில்லை. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது இளமாறனுக்கு. எதையோ கேட்க வாயெடுத்தவர், சங்கிலி தன்னையே பார்ப்பதைக் கண்டார். கோபம் இறங்கி வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. நாச்சியாரின் காதோரம் குனிந்து குசுகுசுத்தார்.

"அவர் தாங்குவாரா மேடம்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" கதவை அகலத் திறந்து பிடித்தபடியே சொன்னார் நாச்சியார். "பக்கத்துலதானே இருக்கார். அவரைக் கேளுங்க."