பூத்த மூங்கிலுக்கு என்ன விலை?

மூங்கிலாற்றுக் காட்டில் ஒரு மன்றம் இருந்தது. மரமோ, குளமோ, வளையோ, எதை வாங்குவதென்றாலும் விற்பதென்றாலும் விலங்குகள் அங்கேதான் போகும். இது இவ்வளவு பெறும் என்று மன்றம் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. கொம்பன் யானைதான் அதற்குத் தலைவர்.

அந்த மன்றத்தில் ஓர் இடம் காலியானதும் காடே பரபரத்தது. வேலை கிடைத்தால் மேட்டுப் பாறையில் குடியிருக்க இடமும் கிடைக்கும்! கீரிப்பெண் செவத்திக்கு அந்தப் பாறைதான் கண்ணிலேயே நின்றது. அவளும் அம்மாவும் இருந்த வளை பள்ளத்தில் இருந்தது. போன மழையில் வெள்ளம் புகுந்தபோது, அம்மாவின் பிடரியைக் கவ்வி இழுத்துத்தான் கரையேற்றினாள். இன்னொரு மழையை அந்த வளை தாங்காது.

"இந்த வேலை எனக்குத்தான்!" என்றாள் செவத்தி. வாய்ச்சவடால் இல்லை, நிஜமாகவே நம்பினாள்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். முன்பு தேர்வானவர்கள் சொல்லிச் சொல்லி, கேள்வியும் பதிலும் காடெங்கும் பரவியிருந்தன. ஒரு தோப்பின் விலை என்ன என்று கேட்பார்கள். ஒரு வருஷ விளைச்சலைப் போல ஏழு மடங்கு என்று சொல்லவேண்டும். வேலைக்குப் போட்டியிட்ட கிளி பவளன் அதை ராகம் போட்டே உருப்போட்டான். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் "ஏழு மடங்கு!" என்பான்.

செவத்தியும் உருப்போட்டவள்தான். ஆனால் ஒத்திகையில் அவளிடம் கேள்வி கேட்க வாய்த்தவன் நண்பன் முள்ளம்பன்றி முத்தையன்.

"ஏழு மடங்கு" என்றாள் செவத்தி.

"ஏன்?"

"பக்கத்துத் தோப்பு அப்படித்தான் விலை போச்சு."

"அது ஏன் அப்படிப் போச்சு?"

"அடேய், உயிரை வாங்காதடா!"

"யானை கேட்டாலும் இப்படித்தான் கத்துவியா?" என்று சிரித்தான் முத்தையன்.

செவத்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்வி விட்டால்தானே! மறுநாள் அவளே திரும்பி வந்தாள்.

"தோப்பு அடுத்தடுத்த வருஷமும் காய்க்கும்னு நம்பித்தானே இன்னிக்கே அவ்வளவு குடுக்கறாங்க?"

"இப்பத்தான் உருப்படியாப் பேசறே!" என்றான் முத்தையன்.

தேர்வு நாளில் கொம்பன் செவத்தியையும் பவளனையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்.

"கரடி தன் மூங்கில் தோப்பை முயல்களுக்கு விக்கப் போகுது. இந்த வருஷம் அங்க மூங்கிலரிசி குவிஞ்சு கிடக்கு. என்ன விலை சொல்லலாம்?"

"குவிஞ்ச அரிசியைப் போல ஏழு மடங்கு!" கிளி சிறகை விரித்துக்கொண்டு முழங்கினான்.

செவத்தியின் நாக்கு நுனியிலும் அதே ஏழுதான் நின்றது. ஆனாலும் நிமிர்ந்து கேட்டாள்.

"ஐயா, போன வருஷம் எவ்வளவு அரிசி உதிர்ந்துச்சு?"

"ஒரு மணிகூட இல்லை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் இல்லை."

செவத்தியின் கண்கள் மின்னின. "அப்படின்னா தோப்பு பூத்திருக்கு, ஐயா! பூத்த மூங்கில் அரிசியைக் கொட்டிட்டுப் பட்டுப்போகும். இனி அது காய்க்கப் போறதில்லை. அதனால கீழே கிடக்கிற அரிசிக்கு மட்டும் விலை குடுக்கலாம். காஞ்ச கழிக்கும் மண்ணுக்கும் ஏதாவது சேர்த்துக்கலாம். ஏழு மடங்கு குடுத்தா முயல்கள் பட்டினிதான்!"

"எல்லாரும் ஏழுதானே சரியான பதில்னு சொன்னாங்க!" என்று அலறினான் பவளன்.

"சரியான பதில்தான் தம்பி. ஆனா அது வேற கேள்விக்கு!" என்றார் கொம்பன். கரடி தோப்பை விற்க ஏன் அவசரப்படுகிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. செவத்தி சொன்ன விலைக்கு மேல் பேரம் பேசவேண்டாம் என்று முயல்களுக்கு ஆள் அனுப்பினார். பிறகு கீரியைப் பார்த்துத் துதிக்கையை ஆட்டினார்.

"மழைக்கு முன்னால அம்மாவைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வந்துடும்மா. நாளையிலிருந்து வேலை!"

செவத்தி பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் கேள்வி மாறினால் தடுமாறுவார்; அது எப்படி விடையானது என்று புரிந்துகொண்டவர் எந்தக் கேள்விக்கும் வழி கண்டுபிடிப்பார்.