பொம்மைப் பந்தியில் காணாமல் போன சீடை

பிள்ளையாரப்பனைக் கும்பிட்டுவிட்டுச் சொல்கிறேன். சின்னக் குழந்தைகளை வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் கிட்டத்தில் வந்து கேளுங்கள்.

மருதபூபதி என்று ஒரு ராஜா. அவருடைய மகள் செண்பகவல்லி, ஐந்து வயதுச் சிட்டு. கணக்கு வாத்தியார் வேலாயுதனார் பிரம்போடு வந்தாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். ராஜா பார்த்தார். சபையில் விகடம் பேசும் தாண்டவராயனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக்கொடு" என்று விட்டுவிட்டார்.

அவனோ குழந்தையோடு சொப்பு வைத்து விளையாடியே பொழுதை ஓட்டினான். வாத்தியார் சும்மா இருப்பாரா? கோகுலாஷ்டமியன்று போய்ப் போட்டுக்கொடுத்தார்.

"பாடமாவது ஒன்றாவது, மகாராஜா! பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறான்!"

ராஜா கோபமாய் அந்தப்புரத்துக்கு வந்தார். பின்னாலேயே வாத்தியார், கையில் பிரம்பு.

"நான்கும் மூன்றும் எத்தனையம்மா?" என்று மகளைக் கேட்டார் ராஜா.

குழந்தை பிரம்பையே பார்த்தாள். மெல்லத் தாண்டவராயன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"சரி, நாளையிலிருந்து வாத்தியார்தான்!" என்றார் ராஜா. குழந்தைக்கு உதடு பிதுங்கியது.

"அப்படியே ஆகட்டும் மன்னா. பொம்மைகள் பசியோடு இருக்கின்றன, பந்தி மட்டும் முடிந்துவிடட்டும்" என்றான் தாண்டவராயன்.

கிருஷ்ணனுக்குப் படைத்த வெல்லச் சீடை வந்தது. நான்கு பொம்மைகளுக்கும் ஆளுக்கு மூன்றாக வைத்தாள் செண்பகவல்லி. "தண்ணி கொண்டாறேன், சண்டை போடாம இருங்க" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

சீடை மணம் மூக்கைத் துளைத்தது. ராஜாவானால் என்ன, நாக்கு நாக்குதானே!

குழந்தை திரும்பி வந்தாள். "ஐயோ, யானைப்பாகன் பொம்மைக்கு ஒண்ணுதான் இருக்கு! ரெண்டைக் காணோம்!"

"பொய்! நான் ஒன்றுதான் எடுத்தேன்!" என்றார் ராஜா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணு அப்பா. இன்னும் ஒண்ணு?"

வாத்தியாரின் இடது கன்னம் புடைத்திருந்தது. பாவம், கடித்தால் சத்தம் கேட்கும், விழுங்கினால் தொண்டை அடைக்கும்.

"வாத்தியாரையா, ஆ காட்டுங்க!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றித் தாண்டவராயனுக்குப் போட்டார். "கழித்தல் கணக்கை எப்படியப்பா இவளுக்குச் சொல்லிக்கொடுத்தாய்?"

"நான் எங்கே மன்னா சொல்லிக்கொடுத்தேன்? தினமும் பொம்மைகளின் பொரிகடலையைத் திருடித் தின்றேன். கையும் களவுமாய்ப் பிடிக்க அவளே கற்றுக்கொண்டாள்!"