குரலுக்கு ஏற்ற போன்

"அம்மா, நான் எந்தப் போன் வாங்கட்டும்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

உலகம்மை சுளகில் புளியைப் பரப்பிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்களுக்கு முந்திக் கேட்டவுக என்ன கேட்டாவ சார்?"

ஆவுடையப்பன் திருதிருவென்று விழித்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் உலகம்மை வீட்டுக் கூடத்துக்கு அதுதான் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் தனக்கு முன்னால் கேட்டவரின் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கேள்வியைக் கேட்க வேண்டும். வாக்குக் கேட்கப் போகும் வேறு இடங்களில் பூவும் பழமும் கொண்டு போகவேண்டியிருக்கும். உலகம்மைக்கு இது போதும். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. தலை நரைத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

முன்னால் கேட்டது யார் என்பதில் குழப்பமே இல்லை. ஆவுடையப்பனின் மனைவி பிரமுதான். பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்டதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. அவள் பேசிய நேரம் முழுவதும் அவர் தன் கேள்வியை எப்படி எடுப்பது, எங்கே முடிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பிரமுவின் தொண்டையில் ஒரு கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய குரலே திரும்பி வரலாம், குரலே இல்லாமலும் போகலாம். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே ஆவுடையப்பன் முடிவு செய்தார். நல்ல போனாக ஒன்று வாங்கி, அதற்குள் அவள் குரலைப் பதிந்து வைத்துவிட வேண்டும். கையில் இருந்த போனில் பதிந்தால் கரகரவென்று இருந்தது.

முடிவு நல்ல முடிவுதான். ஆள்தான் அப்படி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவர். ஒரு பேனா வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவார்.

ஒரு போனில் மூன்று மைக். சுற்றுப்புற இரைச்சலைத் தானே வடிகட்டிவிடும் என்றார்கள். வடிகட்டினால் குரலே கொஞ்சம் மாறிப்போகும் என்று இன்னொருவர் கிளப்பினார். ஆண்ட்ராய்டு வாங்குங்க அத்தான் என்றான் மைத்துனன். ஐபோன்தான் என்றார் தலைமையாசிரியர். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: அதில்தான் பதிந்தது பத்திரமாக இருக்குமாம். ஒரு கம்பெனி ஏழு வருஷம் அப்டேட் தருவோம் என்றது. அப்படியென்றால் எட்டாவது வருஷம் பிரமுவின் குரல் எங்கே போகும் என்று ஆவுடையப்பனுக்கு ராத்தூக்கம் போயிற்று.

"அடுத்த மாசம் புது மாடல் வருது சார், கொஞ்சம் பொறுங்க," என்றார் கடைக்காரர்.

ஆவுடையப்பன் அதையும் யோசித்துப் பார்த்தார். அதுதான் கொடுமை.

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். நம்முடைய தச்சன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போன்களை ஒப்பிடும் வீடியோ பார்த்தார். பிரமு ஏதாவது சொல்ல வந்தால் கையைத் தூக்குவார். ‘இரு, இதோ முடியப் போகிறது’ என்று அர்த்தம். மைக்கைப் பற்றிய வீடியோ அல்லவா? ஒரு சொல்லை விட்டாலும் நஷ்டம்.

போன் எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள் என்று பயம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். தன் தொண்டையில் கத்தி வைக்கப் போகிற நேரத்தில் புருஷனுக்குப் போன் பைத்தியம் பிடித்திருக்கிறது.

கூடத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆபரேஷனப் பத்திக் கேட்டிருப்பா," என்றார் ஆவுடையப்பன்.

"இல்ல," என்றார் உலகம்மை.

"மக படிப்பப் பத்தி?"

"இல்ல."

ஆவுடையப்பனுக்கு வேர்த்தது.

"அம்மா, இது அவசரம். வியாழக்கிழமைக்குள்ள வாங்கியாகணும். ஆண்ட்ராய்டா, ஐபோனா? அது ஒண்ண மட்டும் நீங்க சொல்லிட்டா, கண்ண மூடிட்டு வாங்கிருதேன்."

உலகம்மை இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"எது வேணும்?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். மற்றதையும் எடுத்தார்.

"இது கொஞ்சம் பெருசு. ஆனா அது நல்லாப் பளபளன்னு இருக்கு."

"சரி. எதுக்கு வேணும்?"

"நீங்க கேட்டீங்களேன்னு..."

உலகம்மை இரண்டையும் வாங்கிக் குவியலில் போட்டுவிட்டார். ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியதைச் சொன்னாரா, பளபளப்பைச் சொன்னாரா, இரண்டும் வேண்டாம் என்கிறாரா? மூன்றாவதாக ஒரு கம்பெனி இருக்கிறதோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடிற்று.

"முந்திக் கேட்ட கேள்வி தெரியலன்னா விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க. இருக்கேன்," என்றார் உலகம்மை.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. விசாரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் ஏது?

பிரமுவிடமே கேட்டிருக்கலாம். ஆனால் நீ பேசும்போது நான் கவனிக்கவில்லை என்று பெண்டாட்டியிடம் சொல்ல எந்தப் புருஷனுக்கு நாக்கு எழும்பும்? அவர் மெதுவாக மறுபக்கம் திரும்பினார். அங்கே தையல்கடை சவரிமுத்து இருந்தார்.

"அண்ணாச்சி, இவ என்ன கேட்டா?"

"ஏதோ ஆசைன்னாவ சார். மேற்கொண்டு எனக்குச் சரியாக் கேக்கல. அவுக சத்தம் ரொம்பக் கம்மியால்லா இருக்கு."

ஆவுடையப்பன் பின்வரிசைக்கு எழுந்து போனார். அங்கே நர்ஸ் பேச்சித்தாய்.

"ஆசையா? பயமா இருக்குன்னுல்லா சொன்னாவ," என்றாள் அவள்.

மண்டை காய்ந்தது. ஆசையா, பயமா? சவரிமுத்து கிட்டத்தில் இருந்தவர், ஆனால் வயசாளி, காது மந்தம். பேச்சித்தாய்க்கு இளவயசுக் காது, ஆனால் தலைக்கு மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. எதை நம்புவது? தூரத்தைக் கணக்கில் எடுப்பதா, வயதை எடுப்பதா?

இவ்வளவும் நடக்கும்போது பிரமு கையை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆவுடையப்பன் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு விதமாச் சொல்லுதாவ அம்மா. ஒருத்தர் ஆசைங்கார், ஒருத்தி பயம்ங்கா. இன்னும் ரெண்டு பேர்ட்ட விசாரிச்சா ஒரு முடிவுக்கு வந்திரலாம்."

உலகம்மை முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

"அவுகளுக்குப் பேச்சு போயிட்டா சார்?"

"இல்லம்மா, வியாழக்கிழமதான..."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது. அவமானத்தைவிடப் பயம்தான் அவரை அதிகம் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நாள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

"இவ குரலப் பதிஞ்சு வைக்கத்தாம்மா போனு," என்றார். "வேற எனக்கு எதுக்குப் போனு? நாளைக்கு இவ பேச முடியாமப் போயிட்டா, நான் எதக் கேட்டுக்கிட்டு இருப்பேன்?"

பிரமு சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. உலகம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட்ட ஏன் சொல்லுதீய?" என்றார் உலகம்மை.

சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு முன்னால் வெறும் தரைதான் இருந்தது. பதிலும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. வேறு வழியில்லாமல்தான் பிரமுவின் பக்கம் திரும்பினார். அவள் கண் கலங்கியிருந்தது.

"என்ன கேட்ட பிரமு? நான் கவனிக்கல."

"தெரியும்," என்றாள்.

குரல் நூல் மாதிரி மெலிந்துதான் வந்தது. அவர் குனிந்து நெருங்கினார்.

"ஒரு ஆசை இருக்கு, அதச் செய்யப் பயமாவும் இருக்குன்னு சொன்னேன்."

"என்ன ஆசை?"

பிரமு சுற்றிலும் பார்த்தாள். சவரிமுத்து மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்.

"கல்யாணமான நாள்லேருந்து உங்க பேரச் சொல்லி நான் கூப்பிட்டதில்ல. ரேஷன் கடையில கேட்டா மகளச் சொல்லச் சொல்லுவேன். ஓட்டுப் போடப் போன இடத்துல கேட்டாலும் அட்டையத்தான் நீட்டுவேன். சொல்லப்படாதுன்னே வளத்துட்டாவ. சத்தம் போறதுக்கு முன்ன, ஒரு தடவ வாய் நிறையச் சொல்லிப் பாக்கணும்னு இருக்கு."

"பயம் எதுக்கு?"

"கூப்பிடும்போது நீங்க கையத் தூக்கிட்டீயன்னா?"

ஆவுடையப்பன் தன் கையைப் பார்த்தார். அதை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

"கூப்பிடலாமா, வேண்டாமான்னு அம்மாட்ட கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாவ?"

"அடுத்தாப்ல கேக்க வாரவர் சொல்லுவார்ன்னாவ."

அவர் தலையை ஆட்டினார், வகுப்பில் கணக்குப் புரியாத பையன் ஆட்டுகிற மாதிரி. பிறகு, "கூப்பிடு," என்றார்.

பிரமு முந்தானையைச் சரி செய்துகொண்டாள். வெட்கமாக இருந்தது. எச்சில் விழுங்கினாள், வலித்தது போலும், முகம் சுளித்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஆவுடையப்பா!"

கூடம் முழுக்கக் கேட்டது. உள்ளே சுளகுச் சத்தம் நின்றது.

ஆவுடையப்பன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து இருந்தார், பேச்சித்தாய் இருந்தாள், ஆவுடையப்பன் என்று அங்கே வேறு யாரும் இல்லை.

அவர் மறுபடியும் பிரமுவின் பக்கம் திரும்பினார்.

"இங்கதான் இருக்கேன்," என்றார்.